எட்டாவது தொப்பி

"ஏழு" என்று முடித்தான் வழிகாட்டி லுவான். தபால் நிலைய வாசலில் நின்ற வண்டிக்குள், கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் சீட்டிலிருந்து மறுபடி எண்ணினான். அப்போதும் ஏழுதான் வந்தது.

கையில் இருந்த தாளில் எட்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சைகோன் அரை நாள் சுற்றுலா, காலை ஏழரை முதல் பன்னிரண்டு வரை, பென் ட்ரே ஊர்க் குடும்பம், எட்டுப் பேர்.

"என்னடா?" என்றார் டிரைவர் தியென், கண்ணாடி வழியாக.

"ஒண்ணும் இல்லண்ணே."

"ஒண்ணும் இல்லாதவன் மூஞ்சி இப்படியா இருக்கும்?"

லுவான் தலைகளை எண்ணுகிற ஆள் இல்லை. தொப்பிகளைத்தான் எண்ணுவான். மாதத்துக்கு நாற்பது கூட்டம் பார்க்கிறவனுக்கு எந்த முகமும் மனதில் நிற்காது. அதற்காகவே கம்பெனி ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி கொடுத்திருந்தது. புத்தியுள்ள யாரும் கடையில் காசு கொடுத்து வாங்க மாட்டாத மஞ்சள். ஆகவே அந்தத் தொப்பி ஊரில் எந்தத் தலையில் இருந்தாலும் அது லுவானின் பொறுப்பு.

ஒரு தலை குறைந்தால் என்ன ஆகும் என்பது அவனுக்குப் போன மாதமே தெரிந்துவிட்டது. அன்றைக்கு நல்ல மழை. எல்லாரும் மழைக்கோட்டுக்குள் புகுந்திருந்தார்கள். தபால் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்ற பத்தாவது ஆளைத் தேடிப் பிடித்துத் தொப்பி மாட்டி ஏற்றினான். சோலோன் கடலம்மன் கோவிலில் இறங்கியவர்கள் பத்துப் பேர், திரும்பி ஏறியவர்கள் ஒன்பது பேர். இரண்டு மணி நேரம் தேடினான். நாலு பேருக்கு விமானம் போயிற்று, மற்ற ஐந்து பேருக்குப் பொறுமை போயிற்று. காணாமல் போனவர் இன்றுவரை கிடைக்கவில்லை. தனியாகப் பதிவு செய்த ஆள். போனை எடுக்கவும் இல்லை, புகார் கொடுக்கவும் இல்லை. அதுதான் லுவானை இன்னும் வதைத்தது. அந்த மனுஷன் எந்தச் சந்தில் என்ன ஆனாரோ என்று ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

"இன்னும் ஒரு தலை குறையட்டும்" என்று மேலாளர் அம்மாள் சொல்லியிருந்தாள். "உன் அடையாள அட்டையக் கழட்டி என் மேஜையில வச்சிட்டுப் போயிக்கிட்டே இரு."

வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். அட்டையைக் கழற்ற இது நேரமில்லை.

"எல்லாரும் பேர் சொல்லுங்க!" என்றான் மைக்கில்.

"ரெண்டு!" என்றார் முன் சீட்டில் இருந்த மூத்த அண்ணன். முப்பது வருடம் படகு ஓட்டிய குரல்.

வியட்நாமின் தெற்கே எங்கு போனாலும் மூத்த பிள்ளைக்கு ரெண்டு என்றுதான் பேர். அடுத்தது மூணு. சான்றிதழில் இருக்கிற பேர் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் போலீசுக்கும்தான். ஒண்ணு எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அனேகமாக யாரும் கேட்பதில்லை. லுவானே அவன் வீட்டில் நாலு. டிரைவர் ஆறு.

"மூணு!" "நாலு!" "அஞ்சு!" என்று வரிசையாகப் பின்னால் போய், கடைசி சீட்டில் அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்த கடைக்குட்டித் தங்கை, "எட்டு!" என்று முடித்தாள். அவளுக்கே ஐம்பத்தைந்து வயது.

லுவான் டிரைவரிடம் குனிந்தான். "பேர் எட்டு வரைக்கும் சரியா வருது. தொப்பிதான் ஏழு வருது."

தியென் யோசித்தார். "யாரோ நைசா இறங்கிப் போயிருக்காங்க. கூடப்பொறந்தது அவங்களுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்திருக்கு. பள்ளிக்கூடத்துல நாங்க பண்ணாததா?"

லுவானுக்குச் சுள்ளென்று ஏறியது. மூத்த அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, உங்கள்ல யாரு வெளில போனது? மறைக்காமச் சொல்லுங்க."

"யாரும் போகலையே."

"நல்லா எண்ணிப் பாத்தீங்களா?"

ரெண்டு அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "முப்பது வருஷத்துல ஒரு பயணியை நான் ஆத்துல விட்டதில்ல. என் கூடப்பொறந்ததுங்க எனக்குத் தெரியாதா? எட்டு வரைக்கும் இருக்கு, போ!"

"கேட்டியா, எட்டாம்" என்றார் தியென். "சீக்கிரம் தேடு. போலீஸ்காரன் விசில் ஊதுறான்."

லுவான் தபால் நிலையத்துக்குள் ஓடினான். தூணுக்குத் தூண், ஜன்னலுக்கு ஜன்னல். கூட்டமோ கூட்டம். எல்லாரும் கூரையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், ஒரு மர பெஞ்சில், அதே அசிங்கமான மஞ்சள். அதற்குக் கீழே ஒரு கிழவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா! இங்கயா உக்காந்திருக்கீங்க? அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கா?"

"பின்ன யாருக்கு? வாங்க, வாங்க."

அவர் செய்தித்தாளை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். "சோலோன் பக்கம்தானே போகுது?"

"ஆமா ஐயா. அரண்மனை பாத்துட்டு, கடைசியா சோலோன் கோவில்."

"அப்ப சரி" என்று எழுந்தார்.

எட்டுத் தொப்பி. லுவானுக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதி அரண்மனை வரைக்கும்தான் தாங்கியது.

நடுவழியில் ஏறிய மனிதரைப் பார்த்ததும் குடும்பம் தங்களுக்குள் குசுகுசுத்தது. கம்பெனித் தொப்பி, கையில் பேப்பர், கேள்வி கேட்காத முகம். ரெண்டு அண்ணன் ஒரே முடிவாகச் சொன்னார்: "மேலதிகாரி. இந்தப் பய வேலை ஒழுங்கா செய்யறானான்னு பாக்க வந்திருக்காரு."

உடனே கிழவருக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. தேங்காய் மிட்டாய் ஒரு பொட்டலம் முழுசாகக் கிடைத்தது. அரண்மனையில் லுவான் மாடிப்படியில் நின்று சரித்திரம் சொல்லிக்கொண்டிருக்க, ஒருத்தரும் அவன் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் கிழவரைச் சுற்றி நின்றார்கள்.

"உங்க ஆளு எங்களத் திருடங்க மாதிரி எண்ணிக்கிட்டே இருக்கான்" என்றார் ரெண்டு அண்ணன்.

"சின்ன வயசு" என்றார் கிழவர், மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு. "போகப் போகக் கத்துக்குவான்."

"ரொம்பப் பெருந்தன்மைங்க உங்களுக்கு!"

தூரத்திலிருந்து பார்த்த லுவானுக்குத் தலை வெடித்தது. இவ்வளவு மரியாதை பண்ணுகிறவர்கள் காலையில் அவரை ஏன் மறந்துவிட்டு வந்தார்கள்? வண்டியில் ஏறும்போது மெல்லக் கேட்டான்.

"ஐயா, வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அஞ்சு."

அஞ்சு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். மூன்றாவது வரிசையில், பட்டுச் சட்டை, கண்ணாடி, கண்டிப்பான வாய்.

"இதென்னடா புரியாம நிக்கிற" என்றார் தியென். "அஞ்சக்காவோட வீட்டுக்காரர். பொண்டாட்டி எண்ணுதானே புருஷனுக்கும்? உங்க ஊர்ல இல்லையா?"

இருந்தது. லுவானின் அத்தைகளைக் கட்டியவர்கள் எல்லாரும் அத்தை எண்ணில்தான் வாழ்ந்தார்கள். அவனுக்குக் கிழவர்மேல் இரக்கம் சுரந்தது. பாவம், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அஞ்சக்காவின் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"அக்கா, என்னதான் கோபம்னாலும் மாமாவ இப்படித் தனியா விட்டுட்டு வரலாமா?"

"எந்த மாமா?"

"உங்க வீட்டுக்காரர்."

வண்டிக்குள் கடலை உரிக்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று. அஞ்சக்காவுக்கு அறுபத்திமூன்று வயது. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிக் குடும்பத்தின் மிட்டாய்க் கடையைத் தனி ஆளாக நடத்துகிறவள்.

"எனக்கு ஏதுடா வீட்டுக்காரன்!"

எட்டக்கா பின் சீட்டிலிருந்து எம்பினாள். "அக்கா! வருஷத்துக்கு மூணு தடவ கண்ணு காட்டணும், கண்ணு காட்டணும்னு சைகோன் வர்றியே, கண்ணக் காட்டினது இவருக்கா?"

"அடி செருப்பால!"

"அஞ்சு" என்றார் ரெண்டு அண்ணன், குரல் உடைந்து. "ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் வேணாம்னா சொல்லுவேன்? அதுவும் கம்பெனி ஆபீசரு."

அஞ்சக்கா கிழவர் பக்கம் திரும்பினாள். "யோவ், நீயாவது வாயத் திறந்து சொல்லேன். நீ யாரு?"

"அஞ்சு" என்றார் கிழவர்.

"பாத்தியா, அவரே ஒத்துக்கறாரு!"

லுவான் நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தான். குடும்பச் சண்டைக்குப் பாட்டு நல்லது என்று எங்கோ பயிற்சியில் சொன்னார்கள். "அண்ணே, ஏதாவது பாட்டுப் போடுங்க" என்றான். தியென் கைக்கு வந்த பாட்டைப் போட்டார். அது கல்யாணப் பாட்டு.

அஞ்சக்கா தொப்பியைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசினாள்.

ஏழு தொப்பி. "நிறுத்துங்க!" என்று லுவான் கத்தினான். ஸ்கூட்டர்கள் ஆறாக ஓடுகிற சாலையில் இறங்கி, திட்டு வாங்கி, ஒரு காய்கறிக்காரியின் கூடைக்குள்ளிருந்து அதை மீட்டுக்கொண்டு வந்தான். சக்கரம் ஏறிய தடம் நெற்றியில் தெளிவாக விழுந்திருந்தது.

"தயவுசெஞ்சு போட்டுக்குங்கக்கா. கால்ல வேணும்னாலும் விழறேன்."

"இவன்கூட வாழச் சொல்லாத, போட்டுக்கறேன்."

"ரொம்ப நல்லதுக்கா. நீங்க பிரிஞ்சே இருங்க. தொப்பி மட்டும் சேர்ந்திருக்கட்டும்."

கடலம்மன் கோவில் வாசலில் வண்டி நின்றது. போன மாதம் தலை குறைந்தது இங்கேதான். இந்தத் தடவை அவன் குடும்பத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்கள் கும்பலாக நின்று, அம்மன் முன்னால் ஊதுபத்தியை வைத்துக்கொண்டே, கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதா விருந்தோடு விடுவதா என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நழுவுகிற ஆள் கிழவர்தான். அவர் சட்டைக் கையை ஒரு நொடி விடவில்லை. கும்பிடும்போது பிடித்துக்கொண்டான். கழிவறைக்குப் போனபோது கதவுக்கு வெளியே நின்று, "இருக்கீங்களா ஐயா?" என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டான்.

"இருக்கேன் தம்பி. இங்க வேற எங்க போக முடியும்?"

வெளியே வந்ததும், "நான் இப்படியே" என்று அவர் தெருப்பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பேச்சே கூடாது. ஏறுங்க!"

ஏறினார்கள். எண்ணினான். எட்டு. இன்னொரு தடவை எண்ணினான். எட்டேதான். லுவானுக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டி நகர்ந்ததும் ஆபீசுக்குப் போன் போட்டான்.

"மேடம், கோவில்லேருந்து கிளம்பியாச்சு. எட்டுப் பேரும் வண்டியில இருக்காங்க. ஒரு தலை குறையல."

"யாரு தம்பி எட்டுப் பேரு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் எட்டக்கா.

"நீங்கதான்."

"நாங்க ஏழு பேருல்ல?"

"நீங்கதானேக்கா போன்ல எட்டுப் பேருன்னு பதிவு பண்ணீங்க?"

"அந்தப் பொண்ணு என்ன பேர்னு கேட்டா. எட்டுன்னேன்."

"எத்தனை பேர்னு கேட்டிருப்பா!"

"நான் படகுல இருந்தேன். எஞ்சின் சத்தத்துல என்னத்தக் கேட்டேன்!"

லுவான் விரலை மடக்கினான். ரெண்டு, மூணு, நாலு. எட்டு வந்தபோது ஏழு விரல்தான் மடங்கியிருந்தது. தியெனும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மடக்கிப் பார்த்தார். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்து அலறியது. ரெண்டு அண்ணன் முகம் சிவந்து, "எட்டு வரைக்கும் இருக்குன்னுதானே நான் சொன்னேன்" என்று முனகினார்.

"அப்ப உங்க கம்பெனி அனுப்பின ஆபீசர் இல்லையா இவரு?"

"உங்க மாப்பிள்ளை இல்லையா இவரு?" என்றான் லுவான்.

"அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன், எவனாவது கேட்டீங்களா?" என்று எழுந்து நின்ற அஞ்சக்கா, பக்கத்து சீட்டைப் பார்த்து விரலை நீட்டினாள். "யாருய்யா நீ?"

கிழவர் கடைசி மிட்டாயின் தாளைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, லுவானின் தோளைத் தட்டினார்.

"அந்த மருந்துக்கடை முனையில நிறுத்தச் சொல்லு தம்பி, வீடு வந்திடுச்சு. போன மாசம் நீ ஏத்திவிட்டப்ப கோவில்லயே இறங்கி, மழையில நடந்து போய்ச் சளி பிடிச்சுக்கிச்சு."