அட்வான்ஸ் மொட்டை

என்னை யாராவது 'இந்தியப் பெண்கள் அணிக்குக் கபடி ஆடியவர்' என்று அறிமுகப்படுத்தினால், பக்கத்தில் நிற்கும் என் தம்பிக்கு உடனே இருமல் வரும். அந்த இருமலை நான் நாற்பது வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். காரணம் என் அம்மா.

எழுபதுகளின் கடைசியில் எனக்குப் பதினாறு வயது. அம்மையார்குப்பத்தில் தறி மிதித்து மிதித்து என் காலில் ஏறியிருந்த பலத்தைப் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் ஒருவர்தான் மெச்சினார். மாவட்ட அணித் தேர்வுக்கு என் பெயரை எழுதி அனுப்பியதும் அவர்தான். நைனா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு தடவ போ. ஆவலைன்னா தறியில உக்காந்துடணும்." நானும் தலையை ஆட்டினேன். (அப்போது தலையில் முடி இருந்தது.)

தேர்வு திருத்தணியில், மலைக்குக் கீழே இருந்த மைதானத்தில், காலை பத்து மணிக்கு. அன்றைக்கென்று பார்த்துக் கிருத்திகை. நைனா, அம்மா, நான் மூவரும் முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"நீ செலக்ட் ஆவணும்னு முருகனுக்கு உன் முடிய வேண்டிகினு இருக்கேன்."

"ஆன பிறகு பாத்துக்கலாம்மா."

"ஆனப்புறம் நீ கேம்ப்பு கீம்ப்புன்னு பூடுவ. முன்னாடியே குடுத்துட்டா சாமியால மறுக்க முடியாது பாரு."

சாமியையே சங்கடத்தில் மாட்டி வேலை வாங்குகிறவளிடம் நான் எம்மாத்திரம்? எட்டு மணிக்கெல்லாம் என் இரட்டைச் சடை போய்விட்டது. தலையில் சந்தனம் ஏறியது.

மைதானத்தில் நகை கூடாது என்றார்கள். தோட்டையும் வளையலையும் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். போட்டிருந்ததோ தம்பியின் அரைக்கால் சட்டையும் பனியனும். மூன்று நாளாக "கபடி கபடி" என்று பாடிப் பழகியதில் தொண்டை வேறு கட்டியிருந்தது.

மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி, விண்ணப்பத்தில் ரிப்பன் கட்டிய என் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்க அக்கா எங்கடா?"

"நான்தான் சார் அது" என்றேன். எருமைக் குரல்தான் வந்தது.

"வெளையாடாத. பசங்கல்லாம் அந்தப் பக்கம்."

காது குத்தியிருப்பதைக் காட்டினேன். "எனக்குந்தான் குத்திருக்கு" என்று தன் காதைக் காட்டிவிட்டு, என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். நைனா டீ குடிக்கப் போயிருந்தார். கயிற்றுக்கு அப்பால் நின்ற அம்மாவிடம், வந்து சொல்லேன் என்று சைகை செய்தேன். அவளோ "போ, போ, நல்லா ஆடு" என்று சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்.

பையன்கள் கோர்ட்டில் என்னை ஓரத்தில் நிறுத்தினார்கள். எரிச்சல் உச்சிக்கு ஏறியிருந்தது. பாடி வந்த முதல் பையனின் கணுக்காலைப் பிடித்தேன், விழுந்தான். அடுத்தவனும் விழுந்தான். அம்மா மேலிருந்த கோபத்துக்கு மூன்றாவதாக ஒருவன் விழுந்தான்.

"உன்ன எடுத்துக்கினேன்டா. பேர் சொல்லு" என்றார் அவர்களின் பயிற்சியாளர்.

"வள்ளியம்மா."

பேனா நின்றுவிட்டது. அவரே என்னைப் பெண்கள் பக்கம் அழைத்துக்கொண்டு ஓடினார். அங்கே பட்டியலைப் படித்து முடித்து, நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்தார்கள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தனம் கரைந்து கண்ணில் இறங்க, அந்த எரிச்சலுக்கும் சேர்த்து அழுதேன். இனி ஆயுசுக்கும் தறிதான். அம்மா மட்டும் அசரவில்லை.

"எதுக்கு அழுவுற? செலக்ட் ஆவணும்னு வேண்டிகினேன், ஆயிட்ட. பொண்ணுங்க டீம்லன்னு நான் சொல்லவேயில்லயே. சாமி மேல தப்பு இல்ல."

திரும்பும் பஸ்ஸில் நைனா, "எத்தன பசங்க உயுந்தாங்க?" என்று கேட்டார்.

"மூணு பேரு."

மூன்று விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டார். "சரி, அடுத்த வருசமும் போ. மொட்டைய மட்டும் அப்பால பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் முடியோடு போனேன், தேர்வானேன். அதற்குப் பிறகு எந்தெந்த ஊர் மண்ணிலோ விழுந்து புரண்டு, இந்திய அணி வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். ஆனால் வீட்டில் அதெல்லாம் கணக்கிலேயே இல்லை. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யார் மலையேறிச் சன்னிதியில் கண்ணை மூடினாலும், பின்னாலிருந்து தம்பி இருமிவிட்டுச் சொல்வான்:

"டீம் பேரையும் சேத்துச் சொல்லிடு."