மேல எவ்வளவு, கீழ எவ்வளவு?

இன்றைக்கு பீரோ தூக்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது நான் எடுத்த சபதம் இது.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், வீடு மாறுகிறார். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவருடைய இரும்பு பீரோவைப் பார்த்தாலே எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆறு நாள் அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறவன் ஏழாவது நாளாவது கட்டையைச் சாய்க்க வேண்டாமா?

வழி மேஜைமேலேயே இருந்தது. பிரஷர் பார்க்கும் மெஷின். மாமியார் வந்திருந்தபோது அவருக்காக வாங்கியது. ஏறியது என்னவோ எனக்குத்தான்.

மனைவி குளிக்கப் போனாள். நான் படிக்கட்டுக்கு ஓடினேன். எங்கள் கட்டடத்தின் மூன்று மாடியும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நாக்கு தள்ளியபடி வந்து காலுக்குமேல் கால் போட்டு உட்கார்ந்து, கையைத் தொங்கப்போட்டுப் பொத்தானை அமுக்கினேன். மெஷின் என் பக்கம் நின்றது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவளிடம் ஈனக்குரலில் சொன்னேன். "மேல நூத்தி அறுபத்திரெண்டு, கீழ தொண்ணூத்தெட்டு. பீரோவெல்லாம் இனிமே என்னால ஆகாதும்மா."

பதறுவாள் என்று பார்த்தேன். குனிந்து மெஷினைத்தான் பார்த்தாள்.

"மூணாவதா ஒரு நம்பர் இருக்கே, அதைச் சொல்லலையே?"

"அது மெஷினோட நம்பரா இருக்கும்."

"அது உங்க நாடித் துடிப்பு. நூத்தி முப்பத்தி நாலு."

மூலையில் சின்னதாக ஒரு இதயப் படம். அதன் பக்கத்தில் இருந்துகொண்டு காட்டிக்கொடுத்திருக்கிறது, துரோகி. ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவனுக்குத் தன் பிழை மட்டும் கண்ணில் படாது.

அப்புறம் அவள் சட்டம். முதுகைச் சாய்க்கணும், பாதம் தரையில் படணும், கை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு இருக்கணும், பத்து நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியது எனக்குக் கஷ்டமே இல்லை, பதினைந்து வருஷப் பழக்கம். மறுபடி பார்த்தாள். மேல நூற்றுப் பத்தொன்பது, கீழ எழுபத்தாறு, துடிப்பு எண்பத்து நாலு.

"படி ஏறினீங்களா?" என்றாள், ரொம்பக் கனிவாக.

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"பாவம், ரெண்டு தடவை ஏறினதுக்கே இப்படித் துடிக்குதா? நீங்க வர வேணாம். எங்க வீட்டுக்காரருக்குத் தெம்பே போயிடுச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுறேன்."

ஜெயித்துவிட்டேன். அங்கேயே வாயை மூடியிருக்கலாம். பாழாய்ப்போன ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"யாருக்குத் தெம்பு போச்சு? எட்டுத் தடவை ஏறினேன். மூணு மாடியும், நிக்காம!"

அவள் சிரிக்கக்கூட இல்லை. போனை எடுத்து அண்ணனிடம் ஏதோ சொன்னாள். அவர் ஏதோ கேட்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"படியில பீரோவுக்கு நீங்க மேலயா, கீழயான்னு கேக்குறாரு."