வேலியைப் பார்த்த மைக்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எத்தனையோ பேரைக் கண்ட நான் சொல்கிறேன்: கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எங்கள் இடியப்ப மச்சாளைப் போல ஒரு விசரி, ஒரு பைத்தியம் பிறக்கவில்லை. பக்கத்து வளவுக்காரி. இடியப்பம் அவித்து விற்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரை அவளே மறந்திருப்பாள்.

எங்கள் ஒழுங்கையில் வாய் என்றால் என் வாய்தான். கல்யாண வீட்டில் குரவை போடவும் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நான் போட்டால் வாவிக்கு அக்கரையில் நாய் எழும்பும். அவள் போட்டால் வேலியில் கொம்பு மாட்டிய ஆட்டின் சத்தம் வரும்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் வந்து, "மச்சாள், டவுனுக்குப் போவமா? பொட்காஸ்ட் செய்ய மைக் வாங்கோணும்" என்றாள். அது போனில் கேட்கிற றேடியோ மாதிரி, கனடாவிலும் கேட்குமாம். கதைக்க ஆள் தேடுகிறாள் என்று நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

கடையில் ஒவ்வொரு மைக்காக எடுத்து, தேங்காயைத் தட்டுவதுபோலத் தட்டிக் காதில் வைத்தாள். கடைக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஏதாவது கதைச்சுப் பாருங்கம்மா" என்றார். இவள் குரவை போட்டாள். அந்த மனிசன் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதிரையில் விழுந்தார்.

மூச்சு வந்ததும் கேட்டார்: "கதைக்கிறது ஒராளா, ரெண்டு பேரா?"

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

"ஒராள்தான்" என்றாள் மச்சாள்.

"அப்ப இது ஒண்டே காணும். முன்னுக்கு நிக்கிறவங்கட சத்தத்தத்தான் எடுக்கும். பின்னுக்கு யானை கத்தினாலும் பெரிசா விழாது."

பஸ்ஸில் அவளை விட்டு வேறு சீட்டில் போய் இருந்தேன். நெஞ்சு எரிந்தது.

அடுத்த கிழமை தொடங்கினாள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வந்த ஆட்டோவை மறித்து, "பாட்ட நிப்பாட்டிட்டுப் போ, இஞ்ச ஒலிப்பதிவு நடக்கு!" என்று சண்டை. பிறகு வேலிக்கு அங்கால் மேசை போட்டுச் சமையல் சொன்னாள். நான் கேட்கப் போகவில்லை. வேலியோரம் கூட்டுகிற வேலை இருந்தது, அவ்வளவுதான்.

"மீன் குழம்புக்கு முதற்பாலை முந்தி ஊத்தி, நல்லாக் கொதிக்க விடுங்க" என்கிறாள்!

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. "அடியே! அது திரைஞ்சு போகுங்கா! முதற்பாலக் கடைசியா எல்லோ ஊத்துற! உன்ர ஆத்தை இதையா உனக்குப் பழக்கின?"

அவள் பாட்டுக்கு அடுத்த கறிக்குப் போய்விட்டாள். நாளுக்கு நாள் பிழை கூடியது. கீரைக்குச் சீனி என்றாள். நானும் விடவில்லை.

ஒருநாள் கனடாவிலிருந்து மூத்த மகள் போன் எடுத்தாள். "அம்மா, இஞ்ச எல்லாரும் உங்கட கதையத்தான் கேக்கிறாங்க!" போட்டுக் காட்டினாள். மச்சாளின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. என் குரல் காதுக்குள் நின்றது.

வேலியால் எட்டிப் பார்த்தேன். மைக் வேலியைப் பார்த்து நின்றது. மச்சாள் அதற்குப் பின்னால் இருந்தாள்.

"என்னகா இது?"

"உன்ன மைக்குக்கு முன்னால இருத்தினா நல்ல சேலை உடுத்து, கோயில் கூட்டத்தில பேசுற மாதிரிப் பேசுவாய். மறுகா ஆர் கேக்கிற? நான் பிழையாச் சொன்னாத்தானே உன்ர வாய் வரும்!"

விசரி. ஊருக்கே சமைத்துப் போடுகிறவள், சமைக்கத் தெரியாதவள் என்று கனடா முழுக்கப் பேர் வாங்கிவிட்டாள். இந்தத் தந்திரம் எனக்கு வரவில்லையே என்று இன்னும் எரிகிறது. கடையில் ஒராள்தான் என்றாளே, அந்த ஒராள் நான்.

எழுத்துக் கூட்டி இவ்வளவையும் எழுதுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பேத்தியைக் கூப்பிட்டேன்.

"புள்ள, இத ஒருக்கா வாசி பாப்பம். சத்தமா வாசி. என்னப் பாத்து இல்ல, வேலிப் பக்கம் கிறுகி நிண்டு வாசி."