நாலில் ஒரு பியர்

பெண் பார்க்கப் போகிற ஆண்கள் எல்லாருக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான். எனக்குப் பயத்தில் மூளையே கழன்றுவிட்டது. தர்சினியோடு ஃபோனில் பேசிய நாளிலிருந்தே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. இனி அவளுடைய வீட்டாருக்கு என்னைப் பிடிக்க வேண்டும்.

அக்காவும் அத்தானும் லண்டன் சட்டனில் இருந்த பெண்வீட்டுக்கு நேரே போய்விட்டார்கள். நான் கோலியர்ஸ் வுட்டில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான், ஒரேயொரு பியர் குடித்தால் தைரியம் வருமே என்ற ஞானம் பிறந்தது. (அதற்கு முன் குடித்ததே இரண்டு தரம். இரண்டு தரமும் நித்திரைதான் வந்தது.)

பக்கத்தில் ஒரு தமிழ்க் கடை. தனியாக விற்ற பியர் எல்லாம் குதிரையையே விழுத்தக்கூடிய கடும் சாமான். லேசானது நாலு தகர ரின், பிளாஸ்டிக் வளையங்களில் ஒரே கட்டாக இருந்தது. ஊரில் பெட்டியை உடைத்து ஒரு சிகரெட் தருவார்கள், அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை தருவார்கள். அந்த நம்பிக்கையில் நானே ஒரு ரின்னைக் கழற்றிக்கொண்டு போனேன்.

கடைக்கார அண்ணை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“தம்பி, என்ன வேலை பாத்தனீர்?”

“ஒண்டு காணும் அண்ணை.”

“உமக்குக் காணும். மற்ற மூண்டையும் நான் ஆருக்கு விக்கிறது? தனியா விக்கக் கூடாதெண்டு ரின்னிலேயே போட்டிருக்கெல்லோ!”

“நாலையும் கொண்டுபோக ஏலாது அண்ணை. ஒரு நல்ல விஷயத்துக்குப் போறன்.”

“நல்ல விஷயத்துக்குப் போறவருக்கு என்னத்துக்குப் பியர்? இருந்த மாதிரியே கொழுவிப்போட்டுப் போம்!”

கழற்றும்போது சும்மா இருந்த வளையம், திரும்பக் கொழுவ விடவில்லை. நான் அழுத்த, ரின் வழுக்கி விழுந்து வெடித்து, அக்கா அயர்ன் பண்ணித் தந்த சேர்ட்டை நனைத்தது. வெட்கத்தில் நாலுக்கும் காசை வைத்துவிட்டு, மிஞ்சிய மூன்றையும் எடுக்காமலே ஓடினேன்.

சட்டனில், ஒரு சொட்டும் குடிக்காமல் கள்ளுத் தவறணை மணக்க உட்கார்ந்திருந்தேன். தர்சினியின் அப்பா தான் இருந்த கதிரையை மெல்லப் பின்னால் இழுத்தார்.

“தம்பி குடிக்கிறனீங்களோ?”

“ஐயோ, இல்லை!”

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு தர்சினியின் மாமா வந்தார். கடைக்கார அண்ணை! என்னைக் கண்டதும், நடந்த கதையை ஒன்றும் விடாமல் சொன்னார். அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. எல்லாம் முடிந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற தர்சினிதான் வாயைத் திறந்தாள்.

“மாமா, குடிகாரன் எண்டால் நாலையும் எல்லோ கொண்டு போயிருப்பார்? ஒண்டுக்காக இவ்வளவு பாடுபட்டவரை எனக்குப் பிடிச்சிருக்கு.”

மாமா யோசித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

கலியாணத்தன்று அவர் தந்த பரிசுப் பொதியைச் சபையின் முன்னால் பிரித்தேன். உள்ளே மூன்று பியர் ரின்னும் நாலாவது ரின் கழன்ற வெறும் வளையமும் இருந்தன. இப்போதும் ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்கு அதே மாதிரி ஒரு கட்டு வரும். கூடவே அதே வசனமும் வரும்.

“தம்பி, நீர் கடையில விட்டிட்டுப் போன சாமான்.”