மணியகாரர் கார் அழுததும், அதை நான் நிறுத்தியதும்

பல்லடம் ரோட்டில் நாலு ஷெட், ஒரு வார்ப்படப் பட்டறை, கொங்கு நாட்டுக் கிணறுகளில் பாதிக்கு மேல் தண்ணீர் இறைக்கிற பம்புகள், காங்கேயம் பக்கத்து எண்ணெய்ச் செக்குகளுக்கு மோட்டார் பொருத்தியது, ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். எல்லாம் இந்தக் கை செய்தது. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் பிரம்பை எடுத்ததும் ஜன்னல் வழியாகக் குதித்தவன் நான். மறுபடி பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது நானே கட்டிய கட்டடத்துக்குத் திறப்பு விழா நடந்தபோதுதான்.

இந்தப் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். நான் செய்த சாமான் எதுவும் இருக்கிற இடத்தைவிட்டு நகராது. அதற்கு ஒரு காரணம் உண்டு. சென்னியப்பன் – பழனியம்மாள் தம்பதியின் அறுபதாம் கல்யாண மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று அவர்கள் மகன் கேட்டதால், அந்தக் காரணத்தை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். (மற்றவர்கள் வாயால் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. வேப்பமரத்தடியில் உலை போட்டு, மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா கட்டிக்கொண்டிருந்தேன். மழை வந்தால் தொழில் நனையும். எங்கள் ஊர் மணியகாரர், நீலகிரித் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்த காரை வாங்கியிருந்தார். அதை ஓட்டக் கோயமுத்தூரிலிருந்து அந்தோணி என்ற டிரைவரும் வந்தார். நாற்பது வயது. பேச்சு குறைவு. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்காது.

மணியகாரர் வீடு மேட்டில், ஒரு இட்டேரியின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. கார் திரும்ப இடமில்லை. முகம் முன்னால் வைத்து ஏறும். வெளியே போவதென்றால் பின்னாலேயே இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போதுதான் பின்சக்கரத்திலிருந்து ஒரு ஓலம் கிளம்பும். இழவு வீட்டுக்குள் முதல் ஆள் நுழைந்தாற்போல இருக்கும். முன்னால் போகும்போது ஒரு முனகல்கூடக் கிடையாது.

மணியகாரர் மகள் பழனியம்மாளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் கல்யாணங்களில் சீர்களையெல்லாம் நடத்துகிற அருமைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"பொண்ணு பொறந்த ஊட்டைத் தாண்டறப்ப ஒப்பாரி கேக்கக் கூடாதுங்க. கார் அழுகறதா இருந்தா மாட்டுவண்டியே பூட்டிக்குங்க."

மணியகாரர் முகம் சுண்டிவிட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் போவதாக ஜில்லா முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"டேய் கருப்பண்ணா, திங்கக்கெழம கல்யாணம். அதுக்குள்ள இந்த அழுகைய நிறுத்திப்போடு. ரோட்டோரத்துல இருக்கற எம்பட காலி ஷெட்டு உனக்குத்தான். நிறுத்தலீன்னா, அந்த வேப்பமரத்தடியும் உனக்கில்ல."

கூரை! என் தலைக்கு மேல் கூரை! அந்தக் காரின் வாயில் துணியை அடைத்தாவது அழுகையை நிறுத்துவதென்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை பரிசோதனை. அந்தோணி காரைப் பின்னால் விட, சக்கரத்தில் காதை வைத்தபடி நான் கூடவே குனிந்து ஓடினேன். (வேலிக்கு வெளியே நின்று சிரித்தவர்களை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேர் பிறகு என்னிடமே வேலை கேட்டு வந்தார்கள்.)

"மேஸ்திரி, பிரேக்க மிதிச்சாத்தானுங்க கத்துது," என்றார் அந்தோணி. "மிதிக்காம உட்டுப் பாத்தேன், கம்முனு போகுது. அப்ப நோவு பிரேக்குலதானுங்க. நாளைக்குக் கோயில் பூசை முடிச்சுட்டு, டவுன்ல சாமானும் வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

எனக்கா புத்திமதி? ஆயிரம் சக்கரம் பார்த்தவன் நான். கீச்சென்று கத்துகிற சக்கரத்துக்கு என்ன வேண்டும் என்று எங்கள் ஊரில் மாட்டைக் கேட்டாலும் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி பஸ் ஏறியதும் பின்சக்கரங்களைக் கழற்றினேன். டிரம்முக்குள் பிறை பிறையாக இரண்டு கட்டைகள், காய்ந்து, தூசி படிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. "எத்தனை வருசமாச்சோ எண்ணெய் கண்டு!" என்று எனக்குக் கண் கலங்கியது. விளக்கெண்ணெயில் வைக்கோல் சாம்பல் குழைத்த வண்டி மசகை மூங்கில் குழாயோடு கொண்டுவந்து, தீபாவளிக் குளியல்போல வழிய வழியத் தேய்த்தேன். இரண்டு சக்கரத்துக்கும். கஞ்சத்தனம் என் பரம்பரையிலேயே கிடையாது.

பிறகுதான் என் மேதைமை. நானே உள்ளே ஏறி உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, வீட்டு முன்னால் இருந்த சின்னச் சமதரையில் நாலு பண்ணையாட்களைக் காரைப் பின்னால் தள்ளச் சொன்னேன். கார் பூப்போல நகர்ந்தது. மூச்சுச் சத்தம் இல்லை.

தள்ளியவர்களில் ஒருவர் மட்டும், "ஏனுங்க, பிரேக்க மிதிச்சா வண்டி நிக்கோணுமல்லங்க?" என்றார்.

"சத்தம் கேக்குதா, இல்லியா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்னத்தக் கண்டீங்க? வேலயப் பாருங்க" என்றேன்.

மிதித்த பிரேக்கோடு கார் உருண்டது. அதை என் கண்ணால் பார்த்து, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்!

டவுனில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, திங்கட்கிழமை அந்தோணி வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடிந்துவிட்டது. காருக்கு மாலை போட்டாயிற்று. மாப்பிள்ளை சென்னியப்பனும் பெண்ணும் பின்சீட்டில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தாயிற்று. அதுவரை ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தொட்டீங்களா?" என்றார் அந்தோணி.

"முடிச்சே போட்டேன்."

அவர் கீழே குனியப் போனார். "ராகுகாலம் வரப்போகுதுங்க, எடுங்க வண்டிய!" என்று அருமைக்காரர் அதட்டினார். நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, காரின் படியில் ஏறி நின்றேன். ஷெட்டுக்காரன் நிற்கிற மாதிரி நின்றேன்.

கார் பின்னால் இறங்கியது. அந்தோணி பிரேக்கை மிதித்தார். ஒரு சத்தமும் இல்லை! கூட்டம் ஆவென்று வாயைப் பிளந்தது. "கெட்டிக்காரன்டா!" என்று மணியகாரர் கத்தினார். நான் இரண்டு பக்கமும் கும்பிட்டேன்.

மூன்றாவது கும்பிடு போடும்போது காற்று பலமாக அடிப்பதுபோல் தோன்றியது.

"புடிக்கலீங்க!" என்றார் அந்தோணி.

"என்ன புடிக்கல?"

"பிரேக்குங்க!"

அந்தக் காருக்குப் பிரேக்கே பின்சக்கரத்தில் மட்டும்தான். கை பிரேக்கை இழுத்தார். அதற்கும் அதே கட்டை, அதே விளக்கெண்ணெய். முன் கியருக்குத் தள்ளப் பார்த்தார். கியர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தது. எங்களுக்கு முன்னே இறங்கிப்போய்க்கொண்டிருந்த மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தவில்காரர் தவிலோடு கிளுவை வேலியைத் தாண்டினார். அப்படி ஒரு தாண்டலை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. நாதஸ்வரக்காரர் கடைசிவரை வாசித்துக்கொண்டே ஓடினார்.

காரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்குச் சொல்வதுபோல "ஹோ! ஹோ!" என்றேன். கார் கேட்கவில்லை.

அந்தோணி ஒன்று செய்தார். ரோட்டைத் தாண்டி எதிரே ஜின்னிங் பாக்டரி வாசல் திறந்திருந்தது. உள்ளே ஆளுயரத்துக்கு மேல் பருத்தி அம்பாரம். கழுத்தைத் திருப்பிய திருப்பில் காரை நேராக அதற்குள் விட்டார்.

ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் வெள்ளை.

ஊரே செத்துப்போனதுபோல ஒரு நிசப்தம். என் வாய் நிறையப் பருத்தி. கொன்றுவிட்டேன், மணியகாரர் மகளைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"ஏனுங்க... இருக்கறீங்களா?"

"இருக்கறேன் அம்மணி" என்றது இன்னொரு குரல்.

ஒருவரோடு ஒருவர் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. தோண்டி எடுத்தபோது இரண்டு கைகளும் கோத்திருந்தன. பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை. அருமைக்காரர் தலையிலிருந்த பருத்தியைத் தட்டியபடி, "அழுகைச் சத்தம் மட்டும் கேக்கலீங்க" என்றார். நேர்மையான மனிதர்.

மறுநாள் அந்தோணி டிரம்மைக் கழற்றிக் காட்டினார். கட்டையின்மேல் ஒட்டிய பட்டை தேய்ந்து, ஆணி தளர்ந்திருந்தது. முன்னால் ஓடினால் பட்டை அமுங்கும். பின்னால் வந்தால் விளிம்பு தூக்கி, ஆணித் தலை டிரம்மைச் சுரண்டும். அவ்வளவுதான் விஷயம். அவர் என்னைத் திட்டவில்லை. மூங்கில் குழாயை மட்டும் இரண்டு விரலால் தூக்கி என் கையில் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

மணியகாரர் சொன்ன வாக்கை மீறவில்லை. "ஷெட்டு உனக்குத்தான். ஆனா ஓடற சாமான் எதையும் நீ சாகற வரைக்கும் தொடக் கூடாது."

அதனால்தான் பம்பு. அதனால்தான் செக்கு.

சென்னியப்பன் வயலுக்குப் போய்த் திரும்ப நேரமானால் பழனியம்மாள் இன்றைக்கும் வாசலில் நின்று, "ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று கூப்பிடுகிறாராம். பேரன் பேத்திகள் உருண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் மலரின் அச்சுப்படியைப் பார்த்தேன். 'ஓட்டுநர் அந்தோணியின் சாமர்த்தியத்தால் தம்பதியர் கைகோத்தனர்' என்று போட்டிருக்கிறது. அந்தோணி ஓட்டினார், மறுக்கவில்லை. பருத்தி தாங்கியது, அதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கைகள் கோத்தது யாரால்? என் பெயரைப் போட வேண்டும். இனிஷியலோடு, அந்தோணி பெயருக்குக் கீழே என்றாலும் சரி. இன்னொன்று: வெறும் விளக்கெண்ணெய் என்று போட்டுவிடாதீர்கள். அதில் வைக்கோல் சாம்பலும் சரியான பதத்தில் கலந்திருந்தது.