மூன்று மெஷின் பொருத்தம்

"என் ப்ரோகிராமை வாட்டர் மெட்ரோ படகோட எஞ்சின்ல ஏத்தினாலும் ஜாதகம் பார்க்கும்! படகு அக்கரை போய்ச் சேர்றதுக்குள்ள பத்துப் பொருத்தமும் சொல்லி முடிச்சுடும், கேட்டேளா?"

வெங்கிடராமன் இப்படி முழங்கியபோது மட்டாஞ்சேரி வீட்டுக் கூடத்தில் இருந்த ஒருவரும் நம்பவில்லை. பக்கத்துச் சுக்குக் கிடங்கிலிருந்து வந்து ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்காய்கூட, இதற்கு மேல் கேட்க முடியாது என்று பறந்துபோயிற்று.

அவர் துறைமுகக் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கிரகங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று கணக்குப் போட, அந்தக் காலத்திலேயே சி மொழியில் ஒரு ப்ரோகிராம் எழுதி வைத்திருந்தார். அசுர வேகம். ஆனால் மனிதரோடு முகம் கொடுத்துப் பேசாது. ஓய்வுக்குப் பிறகு பைத்தான் கற்றுக்கொண்டு, சி-யின் தலைமேல் ஒரு பைத்தான் ஸ்கிரிப்டை ஏற்றி உட்கார வைத்தார். பைத்தான் கேள்வி கேட்கும். சி கணக்குப் போடும். பைத்தான் அந்தப் பதிலை வாங்கித் தமிழில் அழகாகச் சொல்லும்.

அன்றைக்கு வந்திருந்தவர்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. மகள் சுபாஷிணியைப் பெண் பார்க்க வைட்டிலாவிலிருந்து ஆடிட்டர் சங்கர்ராம், அவர் மனைவி பாக்கியலக்ஷ்மி, பிள்ளை சுதீர். வரனைக் கொண்டுவந்தவன் வெங்கிடராமனின் மைத்துனன் கிருஷ்ணபிரசாத். சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதினதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். மாமியாராகப் பிறந்திருக்க வேண்டியவன்.

"படகு அங்கேயே கிடக்கட்டும் அத்திம்பேர். முதல்ல உங்க லேப்டாப்ல ஓடட்டும்" என்றான்.

வெங்கிடராமன் தம் விண்டோஸ் லேப்டாப்பில் இரண்டு ஜாதகத்தையும் கொடுத்தார். கண் இமைப்பதற்குள் பதில்: 'உத்தமம். உடனே முகூர்த்தம் பார்க்கவும்.'

"பார்த்தேளா!" என்று அவர் துள்ளிய துள்ளலில் நேந்திரம்பழ பஜ்ஜியான பழம்பொரி இருந்த தட்டும் துள்ளியது. அவர் மனைவி கமலாக்ஷிக்கு முகமெல்லாம் பல்.

சங்கர்ராம் ஆடிட்டர் அல்லவா? தம் கடிகாரத்தையே இன்னொரு கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கிற ஆசாமி.

"உம்ம மெஷின் உமக்குச் சாதகமாத்தான் சொல்லும் ஓய். என் மேக்லயும் அதையே சொல்லட்டும். ஒத்துப்போச்சுன்னா இப்பவே தாம்பூலம் மாத்திக்கலாம். இல்லேன்னா நமஸ்காரம், நாங்க கிளம்பறோம்."

சுபாஷிணியின் கல்யாணம் இப்போது பென் டிரைவில் தொங்கியது.

மேக் அதைத் திறக்கவே மாட்டேன் என்றது. "சகஜம்! பைத்தான் எங்கே போனாலும் பிழைச்சுக்கும். சி அப்படியில்லை, அந்தந்த ஊர்ல புதுசாக் கம்பைல் பண்ணி, அந்த ஊர் பாஷைக்கு மாத்தினாத்தான் வேலை செய்யும்" என்று வெங்கிடராமன் மேக்கிலேயே கம்பைல் செய்தார்.

'வரன் பிறக்க இன்னும் நானூறு வருடங்கள் உள்ளன. காத்திருக்கவும்.'

பாக்கியலக்ஷ்மி பக்கத்தில் இருந்த பிள்ளையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பதறாதேங்கோ! லாங்னு ஒரு எண் உண்டு. விண்டோஸ்ல அது உழக்கு, மேக்ல உரி, அதாவது ரெண்டு உழக்கு. சி இங்கே உரியால கொட்டறது; பைத்தான் பழைய ஞாபகத்துல உழக்கைப் பிடிச்சுண்டு நிக்கறது. சிந்தினதெல்லாம் மாப்பிள்ளையோட பிறந்த வருஷத்துல விழுந்துடுத்து. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் சங்கர்ராம்.

அளவைத் திருத்தி மறுபடியும் ஓட்டினார் வெங்கிடராமன். மேக் சொன்னது: 'ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஜாதகம். இரட்டையர். விவாகம் ஆகாது.'

"ஈஸ்வரா!" என்று நெஞ்சில் கை வைத்தாள் பாக்கியலக்ஷ்மி. அப்புறம் மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, அந்தக் காலத்துல உங்களுக்கு மட்டாஞ்சேரில என்ன வேலை?"

"ஆடிட்டுக்கு வந்தேன்டி! குருமிளகுக் கிடங்கு ஆடிட்டு!"

"ராத்திரி தங்கினேளே, அதுவும் ஆடிட்டா?"

கமலாக்ஷி தன் பங்குக்கு வெங்கிடராமனை முறைத்த முறைப்பில் லேப்டாப் பேட்டரி பாதி இறங்கிவிட்டது.

கிருஷ்ணபிரசாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்திம்பேர், எனக்கு நன்னாத் தெரியும். இந்த ப்ரோகிராம் சொன்னது ஒண்ணாவது நடந்ததுண்டா?"

"போடா! தப்பு கிடைச்சாச்சு. அளவை மாத்தினதுல ரெண்டு ஜாதகத்தையும் சி ஒரே பாத்திரத்துல போட்டுடுத்து. ரெண்டாவது விழுந்ததும் முதல் ஜாதகம் காணாமப் போயிடுத்து. ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தா முடிஞ்சது!"

"மதி, மதி, போதும்" என்று கையை உயர்த்தினார் சங்கர்ராம். "இனிமே ரெண்டு மெஷின் போறாது. மூணாவதா ஒண்ணு வேணும். மூணும் ஒரே பதில் சொல்லணும்."

கிருஷ்ணபிரசாத் பையிலிருந்து தன் லினக்ஸ் லேப்டாப்பை எடுத்துக் கொடுத்தான். வெங்கிடராமன் ஜாதகத்துக்கு ஒன்றாகப் பாத்திரங்களைப் பிரித்து, மூன்றிலும் புதிதாகக் கம்பைல் செய்து, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு லினக்ஸில் பட்டனை அமுக்கினார். சங்கர்ராம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்:

'இவ்விருவருக்கும் விவாகம் முன்பே நடந்துவிட்டது. இனிமேல் பொருத்தம் பார்த்து என்ன பயன்?'

மேக்கில் அதே வரி. சற்று முன் 'உத்தமம்' என்று கூவிய விண்டோஸிலும் அதே வரி. மூன்று மெஷினும் முதல் தடவையாக ஒத்துப்போயின.

சுதீர் வாயில் இருந்த காப்பியை விழுங்க மறந்தான். சுபாஷிணி கையிலிருந்த பழம்பொரி தரையில் விழுந்தது. வெளியே லாரி ஹார்ன்கூடப் பாதியில் நின்றது என்றால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

சங்கர்ராம் மேக்கைப் பட்டென்று மூடினார். "என் பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிடுத்தாமா? வீட்டுக்கு வரச் சொல்லி மானத்தை வாங்கறேளா? பாக்கியம், எழுந்திரு!"

வெங்கிடராமன் ப்ரோகிராமில் வரி வரியாகத் தேடினார். பாத்திரத்தைக் கொடுத்தவர், அது எவ்வளவு கொள்ளும் என்று சி-யிடம் சொல்லவில்லை. சி, கணக்கே போடாமல், பிழை என்பதற்கு அடையாளமாக மைனஸ் ஒன்றை அனுப்பிவிட்டது. பைத்தானுக்கு மைனஸ் ஒன்று என்றால் வரிசையில் கடைசி. அது தன் பதில் வரிசையின் கடைசி வரியை எடுத்து நீட்டிவிட்டது. அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு பொருத்தம் பார்க்க வரும் கிழ ஜோடிகளைக் கேலி செய்ய அவரே எழுதி வைத்த வரி.

"தப்பு என்னோடதாக்கும்!" என்றார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து கமலாக்ஷி கேட்டதே இல்லை. "ப்ரோகிராம் உளறிடுத்து. அதுக்காகப் பொண்ணை வேண்டாம்னு சொல்லிடாதேங்கோ."

"பிராந்து பிடிச்ச, பைத்தியக்கார மெஷினை வெச்சுண்டு பொண்ணுக்கு வரன் பார்க்கறேளா?" சங்கர்ராம் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இனிமே இது வேண்டாம். உங்க கண் முன்னாலயே அழிச்சுடறேன். முப்பது வருஷ உழைப்பு, போகட்டும். என் பொண்ணுதான் எனக்குப் பெரிசு!"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடினார். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டிலீட் பட்டன் மேல் விரலை வைத்தார்.

பின்னாலேயே ஓடிவந்த கிருஷ்ணபிரசாத் அந்த விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அழிக்காதேங்கோ அத்திம்பேர், அது சொன்னது நடந்தது வாஸ்தவம். போன மாசம் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல இவா ரெண்டு பேருக்கும் முதல் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான்!"