உயிருள்ள தலை

இந்த முறை பெண்டாட்டியை ஜெயித்தே தீருவது என்று விதியார் கங்கணம் கட்டிக்கொண்டார். ஏனோதானோ என்று இல்லை, அரசாங்க முத்திரை போட்டு ஜெயிப்பது!

விதியார் என்பது ஆபீஸில் வைத்த பட்டப்பெயர். முடிதிருத்தும் பள்ளியிலும் அழகுக்கலைப் பள்ளியிலும் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தால் லைசென்ஸ் என்று விதி எழுதுகிற அதிகாரி அவர். மனுஷன் எழுதினால் ஓட்டை இருக்காது. வீட்டில் எடுபடாத பேச்சையெல்லாம் சேர்த்துவைத்து விதியில் காட்டிவிடுவார்.

வம்பு எங்கே என்றால், அவர் சம்சாரமே அந்தப் படிப்பில் சேர்ந்து முக்கால்வாசி முடித்துவிட்டாள். லைசென்ஸ் வந்த மறுநாளே வீட்டு முன்னறையில் பார்லர் திறப்பாளாம். அந்த முன்னறை ஜன்னலோரம்தான் அவருடைய சாய்வு நாற்காலி கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அதில்தான். இவ்வளவு பெரிய உலகத்தில் அவருக்கென்று இருப்பது அந்த நாலடி இடம் ஐயா! விட்டுக்கொடுப்பாரா?

பயிற்சி நேரத்தை ஒன்றரை மடங்காக்கினார். மாணவிகள் அலறினார்கள். மேலதிகாரி கைகுலுக்கினார். விதியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து வரைவைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார்.

"பார்த்துக்கோ. இன்னும் அரை வருஷம் படிக்கணும் நீ."

"நல்லதுதானேங்க," என்றாள் சம்சாரம். "ஆனா இதுல ஓட்டை இருக்கே."

"என்னது! என் விதியிலயா?"

"கூடுதல் நேரம் பூரா பொம்மைத் தலையில வெட்டியே ஓட்டிடுவோம். பொம்மை என்ன, காதை வெட்டிட்டேன்னு கத்தவா போகுது?"

விதியார் வெடுக்கென்று பேனாவை எடுத்தார். 'கூடுதல் பயிற்சி உயிருள்ள தலையில் மட்டுமே.'

"அடப்பாவமே! உயிருள்ள தலைக்கு நாங்க எங்கங்க போவோம்?" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

"அது உன் பாடு." அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பள்ளிக்கூடத்துல இருக்கிறதே நாலு நாற்காலி. இடமில்லைன்னு யாராவது கோர்ட்டுக்குப் போனா உங்க விதி நிக்குமா?"

கோர்ட் என்றதும் அவருக்கு வேர்த்தது. 'இடமில்லாவிட்டால் வீட்டு அறையிலும் பயிற்சி பெறலாம்' என்று சேர்த்தார்.

"சும்மா அறைன்னு போட்டா கார் ஷெட்டைக் காட்டுவாளுங்க. எப்படிப்பட்ட அறைன்னு போட வேண்டாமா?"

வாஸ்தவம்தான். வார்த்தைக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் பட்டதை எழுதினார்: 'ஜன்னலும் சாய்வு நாற்காலியும் உள்ள முன்னறை.'

"இப்ப சொல்லு, ஓட்டை இருக்கா?"

"ஒரு எறும்பு போகாதுங்க!"

விதி அமலுக்கு வந்தது. ஊரெல்லாம் தலைக்குப் பஞ்சம். பஸ் ஸ்டாப்பில் கத்தரியோடு நின்று வழிப்போக்கரைக் கெஞ்சினார்கள் மாணவிகள். அடடா, என்ன வெற்றி! ஞாயிற்றுக்கிழமை அந்தக் களிப்போடு தூங்க முன்னறைக்கு வந்தார் விதியார்.

நாற்காலிக்கு எதிரே ஆளுயரக் கண்ணாடி. சம்சாரமும் அவள் வகுப்புத் தோழிகள் நாலு பேரும் கத்தரியும் கையுமாக நின்றார்கள்.

"என்ன கூத்து இது?"

"பயிற்சிக்கூடம்ங்க. உங்க விதிப்படி ஜன்னல் இருக்கு, சாய்வு நாற்காலி இருக்கு."

"தலை?"

ஐந்து பேரும் அவரையே பார்த்தார்கள்.

"உயிரோடதானே இருக்கீங்க?" என்றாள் சம்சாரம்.

"முடியாது!"

"முடியெல்லாம் போதுமான அளவு இருக்கு. உட்காருங்க. உங்க நாற்காலிதானே, யாரு பிடுங்கினா?"

உட்கார்ந்தார். கழுத்தில் துணி விழுந்தது. சம்சாரத்தின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "பார்லர் எப்ப திறந்தீங்க? சொல்லவே இல்லையே!" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆபீஸ். விதியாரின் தலையில் இடது பக்கம் மொட்டை, வலது பக்கம் படிக்கட்டு, நடுவில் செம்பட்டையாக ஒரு கொண்டை. பக்கத்து மேஜை கிளார்க் பதறிப்போனார்.

"ஐயோ சார், இது என்ன கோலம்! எல்லாம் தலைவிதி. எந்தப் புண்ணியவான் எழுதினானோ!"

"நான்தான்," என்றார் விதியார்.